சட்டையோடு வீட்டுக்கு வந்தது

படம் எடுக்கிற பெண் ஊருக்குள் வந்த அன்றைக்கே ஃபோர்மேன் அவளை வாசலோடு திருப்பி அனுப்பினார்.

ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியும் ஊரில் எல்லோருக்கும் அவர் ஃபோர்மேன்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் ஷீட் செய்யும் தொழிற்சாலையில் கலவைப் பிரிவு முழுவதும் ஒரு காலத்தில் அவருடைய விசிலுக்கு ஆடியது. ஊரில் பாதி வீடுகளில் அந்தத் தொழிற்சாலையால்தான் அடுப்பு எரிந்தது. மீதி வீடுகளுக்கு அது செய்த ஷீட்தான் கூரை.

"தூசி தூசின்னு ஊரெல்லாம் கேட்டுட்டு வர்றியாமே," என்றார் ஃபோர்மேன், கேட்டைத் திறக்காமலே. "என்னைப் பாரும்மா. அந்தத் தூசிய மூணு வேளையும் தின்னவன் நான். எனக்கு என்ன கொள்ளை வந்துடுச்சு?" நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். கதவைத் தட்டியதுபோல் கெட்டியாகத்தான் சத்தம் வந்தது.

முதுகில் தன்னைவிடப் பெரிய பையைச் சுமந்திருந்த அந்தப் பெண் அவருடைய நெஞ்சைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து வந்த இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ள யாருங்கையா?"

"என் வீட்டுக்காரி. அவ பேக்டரி கேட்டைக்கூட மிதிச்சதில்ல. அதையும் உங்க படத்துல சேத்துடாத."

பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு அவர் உள்ளே போனார்.

மனைவிக்கு நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரிந்த சங்கதி. உள்ளூர் டாக்டர் முதலில் சளி என்றார், பிறகு வயசு என்றார், கடைசியில் பெரிய ஊருக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். எடுக்க எடுக்க மறுபடி ஊறியது. கூடப் போனது மகள்தான். ஃபோர்மேனுக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்களிடம் நாட்டு நடப்புப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தார்.

வீட்டில் மட்டும் குறை வைக்கவில்லை. வாழ்நாளில் அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர் சமைக்கக் கற்றுக்கொண்டார். கரண்டியைக் கையில் எடுத்தால் கலவை இயந்திரத்துக்குக் கட்டளை இடுவதுபோலத்தான் நிற்பார். மனைவி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்குக் கலவை இறுகிப் போச்சு. இத வெச்சே ஒரு ஷீட் ஊத்திடலாம்," என்பாள். சிரிப்பு இருமலில் போய் முடியும். அவர் முதுகைத் தடவிக்கொடுப்பார். தடவும்போது எலும்பு எலும்பாகக் கையில் தட்டுப்படும். நீர் வற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

படம் முடிந்து, அதை ஊரிலேயே போட்டுக் காட்டப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. தியேட்டர்காரர் இடம் தர மறுத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் முதலில் சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு நழுவினார்கள். கடைசியில் தொழிற்சங்கக் கட்டடத்தின் மாடி கிடைத்தது. ஃபோர்மேன் போவதாக இல்லை. மனைவிதான் அன்று சாயங்காலம் தலை வாரிப் புடவை மாற்றிக்கொண்டு கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"படத்துக்கு."

"மூச்சு விடவே முடியல, உனக்குப் படம் ஒரு கேடா?"

"நான் போகத்தான் போறேன். நீங்க வந்தா வாங்க, வராட்டி இருங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிப் பேசியது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான். ஒவ்வொரு தடவையும் தோற்றது அவர்தான். சட்டையை மாட்டிக்கொண்டு கூடப் போனார். மாடிப்படியில் அவள் இரண்டு படிக்கு ஒரு முறை நின்றாள். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினார். அவள் நின்ற இடத்திலெல்லாம் நாற்காலியைப் போட்டார்.

மாடி நிரம்பியிருந்தது. பின்வரிசையில் கம்பெனிக்கு வேண்டிய பையன்கள் சிலர் விசிலடிப்பதற்கென்றே வந்திருந்தார்கள். மகளும் மருமகனும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். மருமகன் ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தான். ஷீட்டை அறுத்து ஓரம் தட்டும் பிரிவில் அவனுக்கு வேலை. அந்த வேலையை வாங்கிக்கொடுத்தது ஃபோர்மேன்தான். மகளைப் பெண் கேட்டு வந்தபோது, "மாப்பிள்ளைக்கு வேலை என் பொறுப்பு," என்று மார்தட்டிச் சொன்னவர்.

படத்தில் முதலில் தொழிற்சாலைக்குப் பின்னால் மலையாகக் குவிந்திருக்கும் உடைந்த ஷீட் வந்தது. பிறகு ஃபோர்மேனிடம் வேலை பார்த்த ஒரு பழைய ஆள் மூக்கில் குழாயோடு வந்தான். 'மாடு' என்று அவனுக்குப் பட்டப்பெயர். இரண்டு மூட்டையை ஒரே தோளில் தூக்குவான். இப்போது ஒரு தம்ளரைத் தூக்கவே அவனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. விசிலடிக்க வந்தவர்களும் கொஞ்சம் அடங்கினார்கள்.

அடுத்து ஃபோர்மேனுடைய வீட்டுக் கொல்லை வந்தது.

அவருக்கு முதலில் பிடிபடவில்லை. நம் வீட்டுத் துவைக்கிற கல் போல இருக்கிறதே என்று பார்த்தார். கல்லுக்குப் பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். மதியம் அவர் சங்கத்துக்குச் சதுரங்கம் ஆடப் போயிருந்த நேரத்தில் மகள்தான் அந்தப் பெண்ணைக் கொல்லைப்புறமாக அழைத்து வந்திருக்க வேண்டும்.

"பேக்டரில வேலை பாத்தீங்களாம்மா?" படத்தில் முகம் தெரியாமல் அந்தப் பெண்ணின் குரல் மட்டும் கேட்டது.

"நானா? ஒரு தடவை வேலை பாக்குறவங்க குடும்பத்தையெல்லாம் உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. அன்னைக்கும் எனக்குக் காய்ச்சல், போகல."

கூட்டத்தில் சிரித்தார்கள். ஃபோர்மேனும் சிரித்தார்.

"அப்புறம் எப்படிம்மா இந்த நோய்?"

அவள் கொடியில் கிடந்த சட்டை ஒன்றை எடுத்து இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "இப்படித்தான். தினம் சாயங்காலம் அவரு வந்து கழட்டிப் போடுவாரு. உதறாம அப்படியே தண்ணில போட்டா சேறாகி நூலோட ஒட்டிக்கும். அதனால நல்லா உதறணும்." உதறிக் காட்டினாள். ஒரே உதறலில் மூச்சு வாங்கியது. "புகை மாதிரி கிளம்பும். கண்ணு, மூக்கு, தலைமுடி எல்லாம் வெள்ளையாயிடும். ரெண்டு பேருக்கும் ஒண்ணா வயசாயிடுச்சுன்னு அவரு கேலி பண்ணுவாரு. உள்ள ஒட்டிக்கிட்டது இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு, இப்பக் கட்டியா வந்திருக்காம். நுரையீரலைச் சுத்தி ஒரு தோல் இருக்காமே, அதுல."

"ஐயாவுக்குத் தெரியுமா?"

படத்தில் அவள் சட்டையின் காலரை நீவிக்கொண்டே இருந்தாள். "தெரியாது. நீர்னு நினைச்சுட்டிருக்காரு. எனக்கு நேர்ல சொல்ல வாய் வரல." பிறகு நிமிர்ந்து கேமராவை நேராகப் பார்த்தாள். "என்னங்க, நீங்க என்ன வேணும்னேவா கொண்டுவந்தீங்க? ரெண்டு பேருக்குமே தெரியல, அவ்வளவுதான்."

ஃபோர்மேன் பக்கத்து நாற்காலியைப் பார்க்கப் பயந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் வேறு யார் யாரோ வந்து பேசினார்கள். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அவளுடைய கை, காய்ந்த இலைபோல எடையில்லாமல், அவர் முழங்கைமேல் வந்து உட்கார்ந்திருந்தது மட்டும் தெரிந்தது.

திரும்பி வரும் வழியில் அவளுக்கு நடக்க முடியாமல் போக, வாய்க்கால் பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார்கள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? சாப்பிடாம கொள்ளாம மூலையில உக்காந்துடுவீங்க. அப்புறம் நான் என் மூச்சப் பாப்பேனா, உங்களப் பாப்பேனா?"

"ஊர் முன்னால சொல்ல மட்டும் வாய் வந்துச்சா?"

"அங்கன்னா நீங்க அழ மாட்டீங்கல்ல," என்றாள் அவள்.

அவர் அழுதது பாலத்தில்தான். இருட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று. அவள் முந்தானையை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

மறுநாள் காலையில் மகள் வீட்டுக்குப் போனார். மகளைக் கோபித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் போனார். எத்தனை மாதம் அப்பனிடமிருந்து மறைத்திருக்கிறாய் என்று கேட்க வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே போனார். மகள் பின்பக்கம் இருந்தாள். முன்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி. அதில் தண்ணீருக்குள் சாம்பல் நிறத்தில் சட்டையும் கால்சட்டையும் அமிழ்ந்து கிடந்தன. அவர் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"இது... மாப்பிள்ளையோடதா?"

"வேற யாரோடது?"

"உங்கம்மாவுக்கு எதனால வந்துச்சுன்னு தெரிஞ்சும் நீ துவைக்கிறியா?"

மகள் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே சொன்னாள். "நான் உதறுறதில்லப்பா. வாசல்லயே கழட்டச் சொல்லி, தண்ணில முக்கி வெச்சுடறேன். ஆனா அவரு வண்டிய விட்டு இறங்கறதுக்குள்ள உங்க பேத்தி ஓடிப்போய்க் காலக் கட்டிக்கறா. அவள எந்தத் தண்ணில முக்கறது?"

அவர் மகளைக் கோபித்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் மருமகன் வரும்வரை அங்கேயே இருந்தார்.

அவன் வந்ததும் ஃபோர்மேன் நேராக விஷயத்துக்கு வந்தார். "மாப்பிள்ளை, இந்த வேலை நமக்கு வேண்டாம். விட்டுடுங்க."

மருமகன் பொறுமையான ஆள். மாமனார் முன்னால் குரலை உயர்த்தியதே இல்லை. அன்று உயர்ந்தது. "நீங்களே பிடிச்சு உள்ள தள்ளுனீங்க, இப்ப நீங்களே வெளிய இழுக்கறீங்க. விட்டுட்டு எங்க போறது மாமா? இந்த ஊர்ல வேற என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க."

உண்மையிலேயே வேறு ஒன்றும் இல்லை.

"வேலைய விட முடியாதுன்னா சட்டையவாவது விடுங்க," என்றார் கடைசியில். "அத அங்கயே கழட்டிப் போட்டுட்டு வாங்க."

"எல்லாரும் பாக்க, கேட்டுல நின்னா? சிரிப்பாங்க மாமா."

அடுத்த நாள் ஷிப்ட் விடும் நேரத்துக்கு ஃபோர்மேன் தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே போய் நின்றார். சங்கு ஊதியதும் ஆட்கள் வெளியே வந்தார்கள். புருவம் வெளுத்து, தோள்பட்டை வெளுத்து, அவர் காலத்தில் வந்த மாதிரியேதான் வந்தார்கள். விசில் ஊதிப் பழகிய பழைய குரலை எடுத்து அவர் கத்தினார்.

"சட்டையக் கழட்டிப் போட்டுட்டுப் போங்கப்பா! வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க! என் வீட்டுக்காரி என் சட்டையத் துவைச்சுத்தான் சாகக் கிடக்குறா!"

சிரித்தார்கள். பாவம், மனைவிக்கு முடியாமல் போனதிலிருந்து கிழவருக்கு மண்டை குழம்பிவிட்டது என்றார்கள். காவலாளி வந்து, "ஃபோர்மேன் சார், மேல இருந்து எட்டிப் பாக்குறாங்க, என் பொழப்பக் கெடுத்துடாதீங்க," என்று கெஞ்சினான். மருமகன் தலையைக் குனிந்துகொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டான். ஃபோர்மேன் மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். தொண்டை கட்டிக்கொண்டபோது வெறுமனே நின்றார்.

ஒரு நாள் அவர் பக்கத்தில் மகள் வந்து நின்றாள். கையில் துவைத்து மடித்த சட்டையும் வேட்டியும். சங்கு ஊதியது. மருமகன் வெளியே வந்தான். அவளைப் பார்த்ததும் அவன் கால் நின்றது. பின்னால் வந்தவர்கள் அவன்மேல் முட்டிக்கொண்டு, என்ன என்று பார்த்தார்கள்.

"கழட்டுங்க," என்றாள் மகள். அவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை.

அவன் சுற்றிப் பார்த்தான். காது சிவந்தது. பிறகு அங்கேயே, ஊர் பார்க்க, சட்டையைக் கழற்றித் தரையில் போட்டான். வேட்டியைச் சுற்றிக்கொண்டு கால்சட்டையையும் கழற்றிப் போட்டான். யாரோ ஒருவன் விசிலடித்தான். அவனைப் பக்கத்திலிருந்தவன் பின்மண்டையில் ஒன்று போட்டுவிட்டு, தானும் சட்டையைக் கழற்றினான். அவன் 'மாடு'வின் தம்பி. அவனுக்குப் பின் இன்னொருவன். எல்லோரும் கழற்றவில்லை; பாதிப் பேர் விலகிப் போனார்கள். ஆனாலும் கேட் முன்னால் இடுப்பளவு உயரத்துக்குச் சட்டை குவிந்துவிட்டது. பெரிய பையோடு அந்தப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்து, ஆட்கள் பனியனோடு தெருவில் போவதைப் படம் எடுத்தாள்.

அன்று சாயங்காலம் அதை ஃபோர்மேன் வீட்டுக்கே கொண்டுவந்து, கட்டிலில் கிடந்தவளுக்குக் கேமராவின் சின்னத் திரையிலேயே காட்டினாள். அதற்குள் மனைவிக்கு நிமிர்ந்து உட்கார முடியாமல் ஆகியிருந்தது. ஃபோர்மேன் பின்னால் உட்கார்ந்து தன்மேல் சாய்த்துக்கொண்டார்.

"ஊர் ஆம்பிளைங்கள எல்லாம் இப்படி அரைகுறையா நடக்க விட்டுட்டீங்களே, நல்லா இருக்கா?" என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே நின்று நின்று சொன்னாள். பிறகு மருமகனைக் காட்டச் சொல்லி இன்னொரு முறை பார்த்தாள். "பாவம், எப்படிக் கூச்சப்படுறாரு பாருங்க."

கம்பெனிக்கு அந்தக் குவியல் பெரிய தலைகுனிவாகப் போய்விட்டது. படம் வெளியூரிலும் பரவ ஆரம்பித்தது. தொழிற்சாலையில் உடை மாற்ற ஓர் அறை கட்டினார்கள். வேலை உடை இனி வீட்டுக்குப் போகாது, துவைப்பது கம்பெனி பொறுப்பு என்று கேட்டில் பலகை வைத்தார்கள். மகள்தான் ஓடி வந்து சேதி சொன்னாள். கட்டிலில் இருந்தவள் கண்ணைத் திறந்து கேட்டாள். புரிந்ததா என்பது தெரியாது. உதடு லேசாக அசைந்தது. அந்த வாரமே அவள் போய்விட்டாள். கடைசி இரண்டு நாள் அந்த மூச்சைக் கேட்டவர்கள் யாரும், அது நின்றபோது ஐயோ என்று கத்தவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. அப்படி இருந்ததற்காக ஃபோர்மேன் பிறகு பல நாள் தன்னையே வெறுத்தார்.

வீடு பெரிதாகிவிட்டது. ஒருவருக்குச் சமைக்க அளவு தெரியாமல் இருவருக்குச் சமைத்து மிச்சத்தைக் கொட்டினார். மருமகன் தினமும் சுத்தமான சட்டையோடு வந்து பேத்தியை அவரிடம் விட்டுப் போனான். பழைய கோபம் எதுவும் மிச்சமில்லை. ஒரு நாள் போகிற போக்கில்தான் அவன் சொன்னான்.

"உடுப்பத் துவைக்கக் காண்ட்ராக்ட் விட்டிருக்காங்க மாமா. லாரில ஏத்தி வாய்க்கால் கடைசிக்குக் கொண்டு போறாங்க."

"அங்க மிஷின் போட்டிருக்காங்களா?"

மருமகன் பேத்தியின் செருப்பைக் கழற்றிவிடக் குனிந்துகொண்டான்.

மறுநாள் ஃபோர்மேன் வாய்க்கால் ஓரமாகவே நடந்து போனார். ஊர் முடிந்து குடிசைகள் தொடங்கும் இடத்தில் ஒரு ஷீட் கொட்டகை இருந்தது. முன்னால் லாரி கொட்டிவிட்டுப் போன உடுப்பு குன்றுபோலக் கிடந்தது. ஏழெட்டுப் பெண்கள் வாயில் துணிகூடக் கட்டாமல் நின்று ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு தோளையும் பிடித்து, ஓங்கி உதறிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் தூசி பளபளவென்று எழுந்து மெதுவாக இறங்கியது.

அவர் கிட்டப் போய்ச் சொன்னார். சட்டையில் என்ன இருக்கிறது, அது உள்ளே போனால் எத்தனை வருடம் பதுங்கியிருக்கும், தன் வீட்டில் என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். பெண்கள் உதறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். இளவயசுக்காரி ஒருத்தி கையிலிருந்த சட்டையைத் தள்ளிப் பிடித்தாள்.

வயதில் மூத்தவள் ஒருத்தி முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "நீங்க தெரியாம பேசல, அது புரியுது. ஆனா இன்னைக்குக் குவியல முடிக்காட்டி நாளைக்கு வேற ஆளக் கூட்டிட்டு வந்துடுவாங்க, ஐயா," என்றாள். சண்டைக்காக அவள் அதைச் சொல்லவில்லை. அவருக்கு ஆறுதல் சொல்வதுபோல இருந்தது.

ஃபோர்மேன் கொட்டகைக்குப் பின்னால் போய் வாளி ஒன்றைத் தேடி எடுத்தார். வாய்க்காலில் இறங்கித் தண்ணீர் மொண்டு வந்து குவியலின்மேல் ஊற்றினார். "நனைச்சுட்டு எடுங்கம்மா. சேறாகும்தான், நாலு தடவை கூட அலசணும்தான். ஆனா பறக்காது." பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் இன்னொரு வாளி எடுத்து வந்தாள். மற்றவர்கள் குவியலின் மறுபக்கம் போய், நனையாத சட்டைகளை எடுத்து உதற ஆரம்பித்தார்கள்.

இரண்டு நடைக்கு நடுவே கரையில் உட்கார்ந்து, அவர் படம் எடுக்கிற பெண்ணுக்கு போன் போட்டார். அவள் எங்கோ தொலைவில் வேறொரு ஊரில், வேறொரு தொழிற்சாலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். உடனே வர வழியில்லை என்றாள். முடிந்ததும் வருவதாகச் சொன்னாள். குரலில் அழுகை இருந்தது.

"பரவாயில்லம்மா, மெதுவா வா," என்றார் ஃபோர்மேன். "நான் இங்கதான் இருப்பேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி வாய்க்காலில் இறங்கினார்.